ஊர்ப்பெயரைக் கழற்றிய அணி

2025 ஜூலை 25, வெள்ளி இரவு. ஹூஸ்டனில் அத்லெடிக்ஸ் பேஸ்பால் அணியின் நிக் கர்ட்ஸ் ஒரே ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன் அடித்தான். ஆறு முறை மட்டை பிடித்து ஆறிலும் ஹிட், எட்டு ரன் உள்ளே வரவழைத்தான், அணி 15-3 என்று ஜெயித்தது. அறிமுக ஆண்டிலேயே ஒரே ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன் அடித்தவர் மேஜர் லீக் வரலாற்றில் அவனுக்கு முன் யாருமில்லை. வயது 22. நான்காவது, ஆட்டம் கைநழுவிய பின் ஹூஸ்டன் சும்மா பந்து போட அனுப்பிய ஒரு பிட்சர் அல்லாதவரிடம் அடித்தது என்று குறை சொல்வார்கள். சொல்லட்டும், பந்து வேலிக்கு வெளியேதான் விழுந்தது. ஃபோனில் ஸ்கோரைப் பார்த்தபோது எனக்கு உறுத்தியது வேறு. எதிரணிக்கு நேராக ஹூஸ்டன் என்று ஊர் போட்டிருந்தது. இந்தப் பக்கம் வெறும் ‘அத்லெடிக்ஸ்’. ஊர் கிடையாது. ஆடுவது சேக்ரமெண்டோவில், போகப்போவது லாஸ் வேகஸுக்கு, வந்தது ஓக்லண்டிலிருந்து. மூன்றில் எதையும் பெயரோடு சேர்த்துக்கொள்ள வேண்டாம் என்பது நிர்வாகத்தின் முடிவு.

2024 செப்டம்பரோடு அந்த அணியைத் தலைமுழுகிவிட்டதாக வீட்டிலும் அலுவலகத்திலும் சொல்லி வைத்திருந்தேன். அப்படி இருக்க, ஒரு பையன் நாலு ஹோம் ரன் அடித்ததும் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பப் பார்ப்பானேன்? அதற்குள் வாட்ஸப்பில் அலுவலகத்து மதுரைக்கார அண்ணனிடமிருந்து செய்தி: “தம்பி, உங்காளு நாலு அடிச்சுட்டானாமே. இன்னுமா கோவம்?” அண்ணன் ராய்டர்ஸ் ரசிகர். அவருடைய அமெரிக்க ஃபுட்பால் அணியும் ஓக்லண்டை விட்டுப் போனதுதான். ஆனால் அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக்கூட விடவில்லை. வேகஸிலும் அவருக்குச் சொந்த அணிதான். அவர் கேட்ட கேள்விக்கு அன்று பதில் அனுப்பவில்லை. அனுப்ப வேண்டியதை எழுதிப் பார்த்தால் இவ்வளவு நீளம் வருகிறது.

மலையை மறைத்த மலை

கதை தெரிந்ததுதான். 2019-ல் கூடைப்பந்து அணியான வாரியர்ஸ் பாலத்தைத் தாண்டி சான் ஃபிரான்சிஸ்கோ போனார்கள். 2020-ல் ராய்டர்ஸ் வேகஸ் போனார்கள். 2024 செப்டம்பர் 26-ஆம் தேதி அத்லெடிக்ஸ் கடைசி ஆட்டம் ஆடிவிட்டுக் கிளம்பினார்கள். ஐந்தாறு வருடத்தில் மூன்று அணிகளையும் இழந்த ஊர் ஓக்லண்ட். இதில் பேஸ்பாலும் ஃபுட்பாலும் ஒரே கூரைக்குக் கீழ் குடியிருந்தவை. 1966-ல் திறந்த கொலிசியம் மைதானத்தில் முதலில் குடியேறியது ராய்டர்ஸ். 1968-ல் அத்லெடிக்ஸ் கன்சாஸ் சிட்டியிலிருந்து வந்து சேர்ந்தார்கள். அதற்கு முன் 1954 வரை அவர்கள் ஃபிலடெல்ஃபியாக்காரர்கள். ஆக, ஓக்லண்டும் வேறு ஒரு ஊர் பறிகொடுத்ததைத்தான் வாங்கி வைத்திருந்தது. அண்ணன் இதை அடிக்கடி எடுத்துக் காட்டுவார். மறுப்பதற்கில்லை.

கொலிசியத்தை அழகு என்று யாரும் சொன்னதில்லை. தரைமட்டத்துக்குக் கீழே தோண்டிய மைதானம். 2013-ல் சாக்கடை பொங்கி ஆட்டக்காரர்கள் குளிக்கும் இடத்துக்குள்ளேயே வந்தது. 2023-ல் எதிரணி வர்ணனையாளர்களின் அறைச் சுவருக்குள் பாஸம் என்கிற காட்டுப் பிராணி ஒன்று குடித்தனம் நடத்தியது. ஆனாலும் 1995 வரைக்கும் வந்தவர்கள் சொல்வார்கள், வெளிமைதானத்துக்குப் பின்னால் ஓக்லண்ட் குன்றுகள் தெரியும் என்று. லாஸ் ஏஞ்சலஸுக்கு ஓடிப்போன ராய்டர்ஸைத் திரும்பக் கூட்டிவர, ஊரும் கவுண்டியும் சேர்ந்து சுமார் 20 கோடி டாலர் கடன் பத்திரம் வெளியிட்டார்கள். அந்தப் பணத்தில் குன்றுகள் இருந்த திசையில் வானம் முட்ட இருக்கை வரிசைகளை எழுப்பினார்கள். ராய்டர்ஸ் உரிமையாளர் அல் டேவிஸின் பெயரை வைத்து ரசிகர்கள் அதை ‘மவுண்ட் டேவிஸ்’ என்றார்கள். பேஸ்பால் நாட்களில் அந்த இருக்கைகள் பெரும்பாலும் காலி. பிறகு தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்கள். ராய்டர்ஸ் மறுபடி கிளம்பிப் போன பிறகும் அதற்கு வாங்கிய கடனை ஊர் கட்டிக்கொண்டிருந்தது. வேறு எதைச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், ஒரு ஊர் ஓர் அணிக்காக என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு அந்தக் கான்கிரீட் சாட்சி.

எனக்கு ரொம்பப் பிடித்தது அதற்கும் முந்தைய கூத்து. 1980-ல் ராய்டர்ஸ் முதல் முறை கிளம்பப் பார்த்தபோது, சாலை போடுவதற்கு நிலத்தைக் கையகப்படுத்துகிற அதே சட்டத்தை வைத்து, அந்த அணியையே பொதுக் காரியத்துக்காகக் கையகப்படுத்தப் போவதாக ஓக்லண்ட் நகரம் வழக்குப் போட்டது. அணிக்குரிய இழப்பீட்டைக் கொடுத்துவிடுகிறோம், அணியை எங்களிடம் கொடுங்கள் என்று! கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் சிரித்துத் தள்ளிவிடவில்லை. சட்டப்படி முடியாது என்று சொல்லிவிட இயலாது, விசாரியுங்கள் என்றது. கடைசியில் மேல்முறையீட்டில், மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தில் ஒரு நகரம் கை வைக்க முடியாது என்று தோற்றுப்போனது. தோற்ற வழக்குதான். ஆனால் ‘அணி யாருடையது’ என்று நீதிமன்றம் ஏறிக் கேட்ட துணிச்சல் அது.

ஒரு செவ்வாய்க்கிழமை

ஓக்லண்டுக்குக் கூட்டமே வராது, அதனால்தான் போகிறார்கள் என்பது செய்திகளில் நிலைத்துவிட்ட ஒரு வரி. பார்த்துப் பார்த்துச் சலித்த வரி. 2019-ல் 16 லட்சத்துக்கு மேல் பேர் வந்த மைதானம் அது. 2018, 2019, 2020 என்று மூன்று வருடம் தொடர்ந்து பிளே ஆஃப் போன அணி. 2021 மே மாதம் வேறு ஊர் பார்க்கலாம் என்று லீக்கே பச்சைக்கொடி காட்டியது. அதற்குப் பிறகு மேட் ஓல்சன், மேட் சாப்மன், கிறிஸ் பாஸிட், ஷான் மனேயா, ஷான் மர்ஃபி என்று ஒவ்வொருவராக வேறு அணிகளுக்குத் தள்ளிவிட்டார்கள். சீசன் டிக்கெட் விலை ஏறியது. சம்பளப் பட்டியல் லீக்கிலேயே கடைசி இடத்துக்கு இறங்கியது. 2023-ல் 112 தோல்வி, வந்தவர்கள் மொத்தம் 8.3 லட்சம். கடையில் சரக்கை எல்லாம் காலி செய்து, விலையையும் ஏற்றி, விளக்கையும் அணைத்துவிட்டு, வாடிக்கையாளர் வரவில்லை என்று புலம்பினால் யாராவது நம்புவார்களா? பேஸ்பாலில் நம்பினார்கள். எண்ணிக்கையை மட்டும் போட்டார்கள், எண்ணிக்கை எப்படி விழுந்தது என்பதைப் போடவில்லை.

இந்த வரிக்குப் பதில் சொல்லத்தான் ரசிகர்கள் 2023 ஜூன் 13, செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுத்தார்கள். உரிமையாளர் மேல் கோபம் இருந்தால் புறக்கணிப்பார்கள், போகாமல் இருப்பார்கள். இங்கே தலைகீழ்ப் புறக்கணிப்பு: எல்லோரும் ஒரே நாளில் போய் உட்கார்வது. ‘விற்றுவிடு’ என்ற பொருளில் ‘செல்’ என்று அச்சடித்த பச்சைச் சட்டைகளை ரசிகர் கூட்டமே காசு போட்டு அடித்து வாசலில் சும்மா கொடுத்தது. நானும் ஃப்ரீமாண்ட்டிலிருந்து பார்ட் ரயிலில் போனேன். ரயில் நிலையத்திலிருந்து மைதானத்துக்குப் போகும் நடைபாலத்தில், கருகிய வெங்காய வாசனைக்கு நடுவே, அவ்வளவு பச்சையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. 12 வெற்றி 50 தோல்வி என்று கிடந்த அணி அதற்குள் எப்படியோ தொடர்ந்து ஆறு ஆட்டம் ஜெயித்திருந்தது. அன்று எதிரில், சீசனின் மிகச் சிறந்த அணியாக அப்போது இருந்த டாம்பா பே.

ஐந்தாவது இன்னிங்ஸ் தொடக்கத்தில், முதல் ஆட்டக்காரர் மட்டை பிடிக்க வந்தபோது, ஏற்கெனவே பேசி வைத்திருந்தபடி மொத்தக் கூட்டமும் வாயை மூடியது. அத்தனை நேரம் ஓயாமல் அடித்த டிரம்களும் நின்றன. எழுந்து நின்ற ஆயிரக்கணக்கான பேரிடம் பேச்சில்லை. பந்து கையுறையில் விழும் சத்தம் மேலடுக்கு வரைக்கும் கேட்டது. அந்த ஒருவரின் ஆட்டம் முடிந்ததும் ‘செல் த டீம்’ என்று கிளம்பிய கூச்சலில் காலடிக் கான்கிரீட் அதிர்ந்தது. பக்கத்தில் நின்றிருந்த வயதான அம்மாள், 1972-லிருந்து வருகிறேன் என்று எனக்கு முன்பே சொல்லியிருந்தவர், கத்தவில்லை. கையைக் கட்டிக்கொண்டு மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 27,759 பேர். அத்லெடிக்ஸ் 2-1 என்று ஜெயித்தார்கள். இப்படி ஒரு ராத்திரிக்குப் பிறகு எப்படிப் போவார்கள் என்றே ரயிலில் எல்லோரும் பேசினோம்.

அதே நாள் நெவாடாவில் கார்சன் சிட்டியில் மாநில செனட், புதிய மைதானத்துக்கு 38 கோடி டாலர் பொதுப்பணம் வரை கொடுக்கும் மசோதாவை நிறைவேற்றியது. மறுநாள் கீழவை. அதற்கு மறுநாள் ஆளுநர் கையெழுத்து. அந்த வாரமே பேஸ்பால் கமிஷனர் ராப் மன்ஃப்ரெட், எங்கள் கூட்டத்தைப் பற்றிக் கேட்டதற்கு, ஒரு ராத்திரிக்காவது ஏறக்குறைய சராசரி மேஜர் லீக் கூட்டம் வந்தது நல்ல விஷயம் என்கிற மாதிரி பதில் சொன்னார். எனக்குள் ஏதோ முறிந்தது என்றால் அது இந்தப் பதிலில்தான். மசோதாவில் இல்லை. அரசியல்வாதிகள் பணம் கொடுப்பதும் பணக்காரர்கள் வாங்குவதும் நாம் பார்க்காததா? ஆனால் விளையாட்டுக்கே காவலாக இருக்க வேண்டியவர், ரசிகன் வராவிட்டாலும் குற்றம், வந்தாலும் கேலி என்று பேசினால், அந்தச் செய்திகளை இனி ஏன் படிக்க வேண்டும்? நவம்பரில் 30 உரிமையாளர்களும் ஒருமனதாக வாக்களித்தார்கள். இடம் மாறுவதற்கான கட்டணத்தையும் தள்ளுபடி செய்தார்கள்.

நாற்பது மைல், நானூறு மைல்

ஓக்லண்ட் நகராட்சி சுத்தம் என்று நான் வாதாட வரவில்லை. துறைமுகத்தை ஒட்டி ஹவர்ட் டெர்மினலில் மைதானம் கட்டும் பேச்சு வருடக்கணக்கில் இழுத்தது. இரண்டு பக்கமும் இழுத்தார்கள். எங்கள் ஃப்ரீமாண்ட்டின் கதையும் இருக்கிறதே. 2006-ல் இங்கேயே மைதானம் என்று அறிவித்தார்கள், சிஸ்கோ ஃபீல்ட் என்று பெயர்கூட வைத்தாகிவிட்டது. டிராஃபிக் வந்துவிடும் என்று ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள், 2009 தொடக்கத்தில் கைவிட்டார்கள். பிறகு சான் ஹோசே. ஓக்லண்டிலிருந்து நாற்பது மைல். ஆனால் அது சான் ஃபிரான்சிஸ்கோவின் ஜயண்ட்ஸ் பேஸ்பால் அணியின் எல்லைக்குள் வருகிறது என்று லீக் விடவில்லை. சான் ஹோசே வழக்குப் போட்டுப் பார்த்தது. பேஸ்பால் என்பது ஏகபோகத் தடைச் சட்டத்துக்குள் வராது என்று 1922-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொடுத்த விலக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது, அதைக் காட்டித் தோற்கடித்தார்கள். நாற்பது மைல் போகக்கூடாத அணி நானூறு மைல் போகலாம், அதுவும் ஒருமனதாக. அடுத்த முறை ‘சந்தையின் தீர்ப்பு’ என்று யாராவது எழுதினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஃபுட்பாலுக்கு அந்த விலக்கு கிடையாது. அதனால்தான் அல் டேவிஸ் தன் லீக் மீதே வழக்குப் போட்டு ஜெயித்து லாஸ் ஏஞ்சலஸ் போக முடிந்தது. அவர் மகன் மார்க் டேவிஸுக்கு வழக்கே தேவைப்படவில்லை. நெவாடா ஹோட்டல் வரியிலிருந்து 75 கோடி டாலர், 2017 மார்ச்சில் உரிமையாளர்கள் 31-1 என்று வாக்கு. எதிர்த்த ஒரே வாக்கு மயாமியுடையது. போகிறோம் என்று சொல்லிவிட்டு இன்னும் மூன்று சீசன் அதே கொலிசியத்தில் ஆடினார்கள். அண்ணன் அந்த மூன்றுக்கும் போனார். 2019 டிசம்பரில் ஜாக்சன்வில்லிடம் தோற்ற கடைசி ஆட்டத்தில் கூட்டம் கத்தி, கையில் கிடைத்ததை மைதானத்துக்குள் வீசியபோதும் இருந்தார். “ராய்டர்ஸ்னா ஒரு கொணம் தம்பி, ஊரு இல்ல. கறுப்பும் வெள்ளியும் எங்க போனாலும் அதுதான்” என்பார். ராய்டர்ஸைப் பொறுத்தவரை இது உண்மையாகவும் இருக்கலாம். லாஸ் ஏஞ்சலஸில் ஆடிய பதின்மூன்று வருடத்தில் அங்கே சேர்த்த ரசிகர்கள், ஓக்லண்ட் திரும்பிய பிறகும் விட்டுப்போகவில்லை. ஃபுட்பாலில் ஊரில் நடக்கும் ஆட்டம் வருடத்துக்கு எட்டோ ஒன்பதோதான். அது திருவிழா, வேகஸுக்கு விமானம் ஏறிப் போகலாம். பேஸ்பால் 81 நாள். வேலை முடிந்து போகிற வழியில் எட்டிப் பார்ப்பது. ஊர் போனால் அதில் மிச்சம் என்ன?

இதைச் சொன்னதும் அண்ணன் மடக்கினார். “சிஎஸ்கே ரெண்டு வருசம் இல்லாதப்ப நீ புனே டீமப் பாக்கலையா?” பார்த்தேன். 2016, 2017-ல் புனேக்கு தோனி ஆடினார் என்பதால் பார்த்தேன். புனே தோற்றால் தூக்கம் கெடவில்லை, தோனி சொதப்பினால் கெட்டது. 2018-ல் மஞ்சள் சட்டை திரும்பி வந்ததும் புனே ஞாபகமே வரவில்லை. அந்த நினைப்புதான் கர்ட்ஸ் விஷயத்தில் எனக்கு ஒரு பிடி கொடுத்தது. கர்ட்ஸை அணி எடுத்தது 2024 ஜூலையில். மேஜர் லீகில் அவன் ஆடத் தொடங்கியது 2025 ஏப்ரலில். ஓக்லண்ட் சட்டையில் அவன் ஓர் ஆட்டம் ஆடியதில்லை. அவன் எங்களை விட்டுப் போனவன் இல்லை, நாங்களும் அவனை இழக்கவில்லை. அடிக்கிற கையைப் பார்த்து ரசிப்பதற்கு யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. சேக்ரமெண்டோவில் பதினாலாயிரம் பேர் கொள்ளும் மைனர் லீக் மைதானத்தில், 2025-ல் அங்கே ஆடிய முதல் ஆட்டத்திலேயே சிகாகோ கப்ஸிடம் 18-3 என்று வாங்கிக்கட்டிக்கொண்டபோது நான் சந்தோஷப்பட்டது உண்மை. கர்ட்ஸ் வந்த பிறகு அந்தச் சந்தோஷம் வருவதில்லை.

ஆட்டக்காரனை ரசிப்பது வேறு, அணிக்குப் பணம் கொடுப்பது வேறு. என் சண்டை இரண்டாவதில்தான். 1923-லிருந்து கிரீன் பே பேக்கர்ஸ் என்ற ஃபுட்பால் அணி ஊர்க்காரர்களின் பங்கில் நடக்கிறது. ஐந்து லட்சத்துக்கும் மேல் பங்குதாரர்கள், லாபத்தில் பங்கு கிடையாது, விற்றுக் காசாக்கவும் முடியாது. சின்ன ஊர், ஆனால் அணி எங்கும் போகாது. அதே மாதிரி இன்னொன்று வந்துவிடக்கூடாது என்று ஃபுட்பால் லீகான என்எஃப்எல் விதியே போட்டு வைத்திருக்கிறது. க்ளீவ்லண்ட் 1995-ல் சண்டை போட்டு, தன் ஃபுட்பால் அணி பால்டிமோர் போனாலும் பிரவுன்ஸ் என்ற பெயர், நிறம், பழைய சாதனைப் பட்டியல் எல்லாம் தன் ஊரிலேயே இருக்க வேண்டும் என்று வாங்கியது. 1999-ல் அந்தப் பெயரிலேயே புது அணி வந்தது. ஓக்லண்டுக்கு அதுகூட இல்லை. 1972, 73, 74, 89 கோப்பைகள் எல்லாம் வேகஸ் மைதானத்தின் சுவரில் தொங்கப்போகின்றன. ரிக்கி ஹெண்டர்சனின் பெயரும் அங்கே போகும். ஓக்லண்டிலேயே வளர்ந்து, ஓக்லண்ட் டெக் பள்ளியில் படித்து, 1,406 பேஸ் திருடியவர், அதாவது அடிக்காமலே அடுத்த கட்டத்துக்கு ஓடிச் சேர்ந்தவர். கொலிசியத்தின் கடைசி ஆட்டத்துக்கு பழைய பிட்சர் டேவ் ஸ்டூவர்ட்டோடு சேர்ந்து சம்பிரதாயமாக முதல் பந்தை வீசினார். மூன்று மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 20-ல் இறந்துபோனார். அவரை எந்த ஊருக்கு எழுதுவது என்று லீக்கைக் கேட்டால் உரிமையாளர் ஜான் ஃபிஷரின் அணிக்கு என்றுதான் சொல்லும். எனக்கு அதில் சம்மதம் இல்லை.

மேற்கு ஓக்லண்டில் ரைமோண்டி பூங்காவில் 2024-லிருந்து பாலர்ஸ் என்று ஓர் அணி ஆடுகிறது. பயனியர் லீக், மேஜர் லீக் அணி எதற்கும் கிளை கிடையாது. ரசிகர்களே பணம் போட்டுப் பங்கு வாங்கியிருக்கிறார்கள். 2025 செப்டம்பரில் கோப்பையையும் வாங்கிவிட்டார்கள். அதே மாதம் ஓர் ஆட்டத்துக்கு செயற்கை நுண்ணறிவை மேனேஜராக வைத்துப் பார்க்கப்போய் ரசிகர்களிடம் திட்டும் வாங்கினார்கள். திட்டினால் காதில் விழுகிற தூரத்தில் முதலாளிகள் இருக்கிறார்கள் என்பதே எனக்குப் புதுசு. ஆட்டத்தின் தரம் கர்ட்ஸ் அளவுக்கு இல்லை. ஷார்ட் ஸ்டாப்பில் நிற்பவன் கையிலிருந்து பந்து நழுவும், பிட்சர் தப்புப் பந்தாகப் போட்டு வரிசையாக நாலு பேரைச் சும்மா பேஸுக்கு நடக்க விடுவான். டிரம் மட்டும் அதே டிரம், பழைய கொலிசியத்துக்காரர்களே வந்து அடிக்கிறார்கள்.

அண்ணனுக்கு இப்படித்தான் பதில் அனுப்பினேன், சுருக்கி: கர்ட்ஸைப் பார்ப்பேன், தொப்பி வாங்க மாட்டேன், டிக்கெட் வாங்க மாட்டேன். “இது கோவமா கஞ்சத்தனமா?” என்று கேட்டுவிட்டு, 2028-ல் வேகஸில் மைதானம் திறக்கும்போது ராய்டர்ஸ் ஆட்டமும் பேஸ்பாலும் ஒரே வாரக் கடைசியில் வருகிற மாதிரி செப்டம்பரில் பார்த்துப் போகலாம், ஹோட்டல் நான் போடுகிறேன் என்றார். ராய்டர்ஸுக்கு வருகிறேன், பேஸ்பால் அன்று நீங்கள் உள்ளே போங்கள் அண்ணே, நான் ஹோட்டல் டிவியில் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார்.